ஒற்றை அறை வீட்டில் ஓர் இசைக்கூடம்

'பெட்ரூம் புரொடியூசர்' என்று ஒரு சொல் இன்றைய இசை உலகில் புழங்குகிறது. பெரிய ஸ்டுடியோ, வாத்தியக் குழு, ஒலிப்பதிவுப் பொறியாளர் என எதுவும் இல்லாமல், படுக்கையறையில் ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு இசையமைத்து, பதிவுசெய்து, அங்கிருந்தே வெளியிடும் இளைஞர்களுக்கு அந்தப் பெயர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள காலனிகளில் படுக்கையறை என்று தனியாக ஏது? தொகுப்பு வீட்டில் ஓர் அறை. சமையலும் படிப்பும் தூக்கமும் அந்த ஓர் அறையில்தான். கூலிக்குத் தறி போட்ட வீடென்றால் அந்த இடத்திலும் பாதியைத் தறி எடுத்துக்கொள்ளும்.

அப்படிப்பட்ட வீட்டில் வளரும் ஒரு பிள்ளை, 'நான் மின்னணு இசை செய்யப் போகிறேன்' என்று சொன்னால் வீட்டில் என்ன பதில் வரும் என்று நமக்குத் தெரியும். 'அதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு' என்பார்கள். 'பறையடித்தது போதாதா, படிச்ச பிறகும் அதே வேலையா' என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பதிலுக்கு நாம் நெடுந்தூரம் போக வேண்டாம். காஞ்சிபுரத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் அரக்கோணத்திலிருந்து தொடங்கலாம்.

அரக்கோணத்துப் பேரன்

பாடகரும் பாடலாசிரியருமான அறிவு அரக்கோணத்துக்காரர். பொறியியல் படித்தவர். 2017-இல் இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக் கலைஞர் டென்மாவும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழுவை உருவாக்கியபோது அதில் சேர்ந்தார். 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் அந்தக் குழு முதன்முறையாக மேடை ஏறியது. கானா பாடகர்களும் ராப் பாடகர்களும், பறையும் கிடாரும் ஒரே மேடையில் நின்றார்கள். 'சாதியற்ற தமிழர்' என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்தே குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். இடஒதுக்கீடும் மாட்டிறைச்சியும் அம்பேத்கரும் பாட்டாயின. சாவு வீட்டில் மட்டும் கேட்ட இசையைக் கேட்க ஆயிரக்கணக்கானோர் மைதானத்தில் கூடினார்கள்.

அடுத்த ஆண்டு, 2019-இல், 'தெருக்குறள்' என்ற இசைத்தொகுப்பு வந்தது. எழுத்தும் குரலும் அறிவு. இசை, சென்னையைச் சேர்ந்த ஆஃப்ரோ என்கிற ரோஹித் ஆபிரகாம். நம் தலைப்புக்கு மிக அருகில் வரும் படைப்பு இதுதான். சினிமாவுக்காக எழுதாத, நாயகனின் முகம் தேவைப்படாத பாட்டுகள். கணினியில் கட்டிய தாளம், ஒரு குரல், சொல்ல வேண்டிய அரசியல், இவ்வளவுதான் மூலதனம். தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த ஸ்னோலின் பெயரில் ஒரு பாட்டு இருக்கிறது. இப்படியொரு பாட்டை வெளியிட ஒரு தயாரிப்பாளரைத் தேடி அலைந்திருந்தால் அது இன்றுவரை வந்திருக்காது. இருவர் ஓர் இடத்தில் உட்கார்ந்து தாங்களே செய்து, தாங்களே இணையத்தில் ஏற்றியதால் வந்தது. மின்னணு இசை ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கும் முதல் வசதி இது: அனுமதி கேட்க வேண்டியதில்லை.

2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில் வெளியான அந்தப் பாட்டைக் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். குழந்தைகள்கூட ஆடிய அந்தப் பாட்டின் அடியில் இருப்பது ஒரு கிழவியின் கதை. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5.25 லட்சம் மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்பதென்று முடிவானது. காடு வெட்டி, தேயிலை நட்டு, தலைமுறைகளாக உழைத்த மண்ணைவிட்டு வெறுங்கையோடு திரும்பிய லட்சக்கணக்கானோரில் அவரும் ஒருவர். பாட்டின் காணொளியிலும் அவர் தோன்றுகிறார்.

மண்ணை வளமாக்கியவருக்கு மண் இல்லை என்ற அந்தக் குரல் காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் இங்குள்ள சேரி மக்களின் நிலைமையைப் பற்றி எழுதிய அறிக்கைதான் பஞ்சமி நிலச் சட்டத்துக்கு அடித்தளம். காஞ்சிபுரம் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994-இல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். ஆகவே நம் வட்டாரத்துப் பிள்ளைக்குப் பாட்டெழுதப் பொருள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாட்டி உட்கார்ந்திருக்கும் திண்ணையிலேயே பொருள் இருக்கிறது. செல்பேசியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

இரண்டு டெட்ராய்ட்டுகள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளை 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று அரசும் நிறுவனங்களும் பெருமையாகச் சொல்வதுண்டு. அமெரிக்காவில் கார் தொழிற்சாலைகள் நிறைந்த நகரம் டெட்ராய்ட். இங்கே 1998-இல் ஹூண்டாய் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. தொடர்ந்து ஒன்றன்பின் ஒன்றாக நிறுவனங்கள் வந்தன. விடியற்காலையில் கம்பெனி பஸ்சுக்குக் காத்து நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிகளை நம் ஊர் முக்குகளில் தினமும் பார்க்கிறோம். ஆனால், அந்த டெட்ராய்ட் உலகத்துக்குக் காரை மட்டும் கொடுக்கவில்லை. 'டெக்னோ' என்ற மின்னணு இசையையும் கொடுத்தது.

அதைக் கொடுத்தவர்கள் கறுப்பின இளைஞர்கள். வுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூவரும் டெட்ராய்ட்டை அடுத்த பெல்வில் என்ற ஊரில் பள்ளித் தோழர்கள். ஜெர்மானிய 'கிராஃப்ட்வெர்க்' குழுவின் இசையை உள்ளூர் வானொலியில் கேட்டு, சின்ன சின்தசைசரில் பழகி, 1980-களில் தங்களுக்கென ஓர் இசையைக் கட்டினார்கள். கார் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, ஊர் வேலையிழந்து கிடந்த காலம் அது. அந்த இயந்திர ஓசையையே அவர்கள் இசையாக்கினார்கள். 1988-இல் இங்கிலாந்தில் வெளியான ஒரு தொகுப்பு 'டெக்னோ' என்ற பெயரை உலகத்துக்குக் கொண்டுபோனது. இன்று ஐரோப்பிய நகரங்களில் லட்சக்கணக்கானோர் ஆடும் இந்த இசை வெள்ளையர்களின் இசை என்றே பலர் நினைக்கிறார்கள். தொடங்கியவர்கள் பெயர் பின்னுக்குப் போய்விட்டது. இந்தக் கதையும் நமக்குப் பழகியதுதான்.

அவர்கள் பயன்படுத்திய கருவிகளின் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-இல் 'டிஆர்–808' என்ற தாள இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் ஓசை உண்மையான டிரம் போல இல்லை என்று சொல்லி இசைக்கலைஞர்கள் ஒதுக்கினார்கள். சுமார் 12,000 கருவிகளோடு 1983-இல் உற்பத்தி நின்றது. கடைகளில் அது பழைய பொருளாக மலிவு விலைக்கு வந்தபோதுதான் கறுப்பின இளைஞர்களின் கைக்கு எட்டியது. வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட அந்த ஓசையில்தான் இன்றைய ஹிப்ஹாப்பும் டெக்னோவும் எழுந்தன. இன்று நம் சினிமாப் பாட்டில் நெஞ்சில் இடிக்கும் அடித்தாளம் பலவும் அந்த 808-இன் வழி வந்ததே.

நம் நாட்டிலும் ஒருவர் இருந்தார். மும்பை சினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், 1982-இல் இதே ரோலண்ட் கருவிகளை வைத்து 10 ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். விற்கவில்லை. 2010-இல் அது மறுபடி வெளியானபோதுதான், அமெரிக்காவில் இதே பாணி இசை பிறப்பதற்கு ஐந்தாண்டு முன்பே ஓர் இந்தியர் இதைச் செய்திருக்கிறார் என்று உலகம் வியந்தது. தமிழ் சினிமாவில் இளையராஜா 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்திலேயே கணினியை இசைக்குப் பயன்படுத்தினார். ஏ.ஆர்.ரஹ்மான் 1989-இல் தன் வீட்டை ஒட்டிக் கட்டிய சிறிய ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்துதான் 1992-இல் 'ரோஜா'வுக்குப் போனார். வீட்டுக்குள் இசைக்கூடம் என்பது நேற்று முளைத்த மோகம் அல்ல.

தறியில் இருக்கிறது பாடம்

கணினியில் தாளம் கட்டுவது எப்படி என்று காஞ்சிபுரத்துப் பிள்ளைக்கு விளக்குவது எளிது. ஜக்கார்டு பெட்டியைக் காட்டினால் போதும்.

சேலைக் கரையில் மயிலோ, ருத்ராட்சமோ, யாளியோ வர வேண்டுமானால் தறியின் மேல் உள்ள ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகளைக் கோத்து மாட்டுகிறார்கள். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் பாவு நூல் தூக்கும். துளை இல்லாத இடத்தில் தூக்காது. ஓர் அட்டை முடிந்தால் அடுத்த அட்டை வந்து நிற்கும். அட்டைகள் ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதனால்தான் கரை முழுக்க ஒரே மயில் திரும்பத் திரும்ப வருகிறது. 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் செய்த ஏற்பாடு இது. கணினிக்கு முன்னோடி என்று சொல்லப்படும் இயந்திரத்தைத் திட்டமிட்ட சார்லஸ் பாபேஜ், துளை அட்டை யோசனையை இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார்.

டிஆர்–808 இயந்திரத்தில் 16 பொத்தான்கள் வரிசையாக இருக்கும். அழுத்திய பொத்தானில் அடி விழும். அழுத்தாத பொத்தானில் மௌனம். 16 முடிந்ததும் மறுபடி முதல் பொத்தான். இன்றைய இசை மென்பொருள்கள் பலவற்றிலும் இதே 16 கட்டங்கள் திரையில் தெரிகின்றன. அட்டையில் துளை எப்படியோ, திரையில் கட்டம் அப்படி. அட்டை அடிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தனி ஆசிரியர் வேண்டாம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தொடங்குகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் சோர்ந்துபோகிறார்கள். மென்பொருளைத் திறந்ததும் வரும் 16 கட்டங்கள் நான்கு நான்காகப் பிரிந்தவை. தகதிமி, தகதிமி என்று போகும் கணக்கு அது. நம் சாவுக்கூத்தும் டப்பாங்குத்தும் தகிட, தகிட என்று மும்மூன்றாகப் போகின்றன. தகிட நான்கு முறை வந்தால் 12. நம் அடியை 16 கட்டத்துக்குள் திணித்தால் நடை நொண்டும். 'என் காதுக்கு இசை வரவில்லை' என்று அந்தப் பிள்ளை தன்னையே நொந்துகொள்ளும். குறை காதில் இல்லை. கட்டத்தை 12 ஆக மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எந்த மென்பொருளிலும் தாளக் கணக்கை 6/8 என்று வைக்கவோ, ஓர் அடியை மூன்றாகப் பிரிக்கவோ வசதி உண்டு. பாடத்திட்டமாக இருந்தாலும் மென்பொருளாக இருந்தாலும், அது யாரை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டது என்று பார்த்து, நமக்கேற்ப மாற்றிக்கொள்வதே பாதிக் கல்வி.

பறை எங்கே நிற்கிறது?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். படித்த பிறகும் பறையா?

இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஊரில் யார் செத்தாலும் பறையடிக்கப் போக வேண்டும் என்பது சாதி விதித்த கட்டாய வேலையாக இருந்தது. போகாவிட்டால் அடி விழுந்த ஊர்கள் உண்டு. 'இனி அடிக்க மாட்டோம்' என்று பறையைக் கீழே வைத்தது ஒரு போராட்டம். அந்தத் தலைமுறையின் கோபம் நியாயமானது. பின்னால் வந்த ஒரு தலைமுறை, விருப்பத்தோடு அதே பறையை மேடையில் தூக்கியது. இதுவும் நியாயமானது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது, முடியாது என்று சொல்லும் உரிமை. அந்த உரிமை இருக்கும் இடத்தில் அடிப்பது கலை. இல்லாத இடத்தில் அடிப்பது ஏவல்.

நம் மண்ணில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். இழிவாகச் சொன்ன சொல்லையே தலைப்பாக அச்சிட்டு விற்றார். மேடையில் பறையைத் தூக்கியவர்கள் செய்ததும் அதே காரியம். மதுரையைச் சேர்ந்த பறையிசை ஆசான் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அந்தப் பாதை இன்னும் முடியவில்லை. சினிமாப் பாட்டில் பறை ஒலித்தால் திரையரங்கமே எழுந்து ஆடுகிறது. அதே பறையை அடித்தவர் ஊர்த் தெருவுக்குள் செருப்போடு நடந்தால் முகம் சுளிக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. ஓசைக்கு உள்ளே இடம், ஓசை எழுப்பியவருக்கு வெளியே இடம்.

கணினி இந்தப் பிரிவினையை இன்னும் எளிதாக்கிவிடும். இணையத்தில் விற்கும் ஒலித்தொகுப்பு ஒன்றில் யாரோ பதிவுசெய்த பறையின் அடி இருக்கும். அதை எடுத்துப் போட்டால் பாட்டு முடிந்துவிடும். அடித்தவர் யார், எந்த ஊர், அவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆகவே நம் பிள்ளைகள் பறையைத் தாங்களே பதிவுசெய்வது நல்லது. அது ஒன்றும் கடினமில்லை. வைக்கோல் மூட்டித் தோலைச் சூடேற்றி, ஓசை கணீரென்று வந்த பிறகு பதிவைத் தொடங்க வேண்டும். தகரக் கொட்டகையில் எதிரொலி வரும். ஆளில்லாத திறந்த வெளி மேல். பறையின் வீச்சு பெரியது என்பதால் செல்பேசியை நாலைந்து அடி தள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓசை கிழிந்து பதிவாகும். அடிகுச்சியின் கனத்த அடியைத் தனியாக, இடக்கைச் சிண்டுக்குச்சியின் சுள்ளென்ற அடியைத் தனியாக, இரண்டும் சேர்ந்ததைத் தனியாக, ஒவ்வொன்றையும் பத்து முறை பதிவுசெய்ய வேண்டும். ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் போட்டால் இயந்திரம் அடிப்பது போலிருக்கும். பத்தையும் மாற்றி மாற்றிப் போட்டால் மனிதக் கை தெரியும். அடித்துக்கொடுத்த பெரியவருக்குக் கூலியும், பாட்டில் பெயரும் கொடுக்க வேண்டும். அதை நாமே செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?

நெய்தவர் பெயர் எங்கே?

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. ஆனால், கோர்வை போட்டு, கண் மங்க மங்க அந்தச் சேலையை நெய்தவரின் பெயர் சேலையில் எங்கும் இல்லை. கட்டைப்பையில் கடையின் பெயர் மட்டும் பெரிதாக இருக்கிறது. பட்டுத் தறிகளில் குழந்தைகள் கொத்தடிமையாக உழைத்ததைப் பற்றி 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அந்தப் பிள்ளைகள் நெய்த சேலைகளும் நல்ல விலைக்குத்தான் விற்றன.

இசையிலும் இதே கேள்வி எழுந்தது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும், கனடாவாழ் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றார்கள். அந்த இதழ் குறிப்பிட்ட பாட்டுகளில் பங்குள்ள அறிவின் முகம் அதில் இல்லை. பா.ரஞ்சித் இதைப் பொதுவெளியில் கேட்டார். விவாதத்துக்குப் பிறகு அறிவின் படத்தோடு தனி அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் 'எஞ்சாய் எஞ்சாமி' பாடப்பட்டபோது மேடையில் அறிவு இல்லை. அதன்பின், அந்தப் பாட்டைத் தானே இசையமைத்து எழுதிப் பாடியதாக அவர் சமூக வலைத்தளத்தில் எழுதினார். அது மூவரும் சேர்ந்து உருவாக்கிய படைப்பு என்று சந்தோஷ் நாராயணன் விளக்கம் கொடுத்தார். 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தனக்கு இதுவரை வருமானம் எதுவும் வரவில்லை என்றும் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார்.

யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்பெழுதுவது இந்தப் பத்தியின் வேலை அல்ல. உலகமே கேட்ட பாட்டுக்கே பெயரும் பணமும் இவ்வளவு சிக்கலாகும் என்றால், ஒற்றை அறை வீட்டிலிருந்து முதல் பாட்டை வெளியிடும் பிள்ளை எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. அறிவு அங்கே நின்றுவிடவில்லை. 2024-இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்ற தொகுப்பை வெளியிட்டார். பாட்டியின் பெயரைத் தலைப்பிலேயே எழுதிவிட்டார். இனி அதை யாரும் அழிக்க முடியாது.

சட்டத்தில் சில விஷயங்களை மாணவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டை எழுதி அல்லது பதிவுசெய்து முடித்ததுமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு அலுவலகத்தில் பதிந்தால்தான் உரிமை என்பதில்லை. உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்க எழுத்துப்பூர்வமான, கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். எத்தனை ஆண்டு என்று அதில் எழுதாவிட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். 2012-இல் வந்த திருத்தம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் உள்ள பங்கை உறுதிசெய்தது. அந்தத் தொகையை வசூலித்துக் கொடுக்க 1969 முதல் ஐபிஆர்எஸ் என்ற அமைப்பு இருக்கிறது. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பாட்டு செய்தால், அன்றைக்கே ஒரு வெள்ளைத்தாளில் எழுத்து யார், மெட்டு யார், தாளம் யார், பங்கு எவ்வளவு என்று எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டு வைப்பது நல்லது. நட்பு கெடாமல் இருக்கவும் அதுதான் வழி.

என்ன வேண்டும்?

பெரிய பட்டியல் இல்லை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த பழைய மடிக்கணினி வீட்டு மூலையில் கிடக்கிறதா? தொடங்க அது போதும். 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது டேப்லெட் தருவதாக 2025–26 தமிழக பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. அந்த வரிசையில் இருக்கும் மாணவர்கள் கிடைக்கும் கணினியைப் படம் பார்க்க மட்டும் வைத்திருக்க வேண்டாம்.

ஒலியை வெட்டி ஒட்ட 'ஆடாசிட்டி', தாளமும் மெட்டும் கட்ட 'எல்எம்எம்எஸ்', இரண்டும் முற்றிலும் இலவசம். கணினியே இல்லையென்றால் செல்பேசியில் 'பேண்ட்லேப்' செயலி இருக்கிறது. உலகம் முழுக்கப் பலர் பயன்படுத்தும் 'எஃப்எல் ஸ்டுடியோ'வின் சோதனைப் பதிப்பும் கிடைக்கிறது. ஆனால், அதில் சேமித்த வேலையைக் காசு கட்டாமல் மறுபடி திறக்க முடியாது. திருட்டு மென்பொருளை இறக்கினால் கூடவே வைரசும் வரும். அதற்குப் பதில் இலவச மென்பொருளில் முழுதாகத் தேறுவது மேல்.

இரவு ஒன்பதுக்குத் தறி நிற்கும். அதன் பிறகு வீட்டில் எல்லோரும் தூங்க வேண்டும். ஆகவே இயர்போன் கட்டாயம். அதிலும் ஒலியைக் குறைத்து வைத்துப் பழக வேண்டும், காது ஒருமுறை கெட்டால் திரும்பாது. முடித்த பாட்டை அம்மாவின் செல்பேசியில், டீக்கடை ஸ்பீக்கரில், ஷேர் ஆட்டோவில் போட்டுக் கேட்க வேண்டும். எல்லா இடத்திலும் பாடுபவரின் சொல் புரிகிறதா என்று பார்க்க வேண்டும். நம் பாட்டில் சொல்தான் முக்கியம். முதல் பத்துப் பாட்டு சுமாராகத்தான் வரும். தறியில் உட்கார்ந்த முதல் மாதமே யாரும் முழுச் சேலை நெய்து இறக்குவதில்லை.

காஞ்சிபுரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை அங்குள்ள மூன்றாண்டுப் படிப்புகள். மின்னணு இசை பாடமாக இல்லை. ஆனால், சுருதியும் தாளமும் முறையாகத் தெரிந்தவர் கணினி முன் உட்கார்ந்தால் வேகமாக முன்னேறுவார். அரசுப் பள்ளி அது, நம் பிள்ளைகள் தயங்காமல் படியேறலாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் மடிக்கணினி தம்பியின் கையில், செல்பேசி அப்பாவின் சட்டைப்பையில். இரவில் இயர்போன் மாட்டிய பெண்ணை வீடே சந்தேகத்தோடு பார்க்கும். கானா ஆண்களின் பாட்டு என்றுதான் சென்னையிலும் சொன்னார்கள். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் கானா பாடிய இசைவாணியை 2020-இல் உலகின் 100 பெண்களில் ஒருவராக பிபிசி தேர்ந்தெடுத்தது. ஒரு மணி நேரம் மகளுக்கு அந்தக் கணினியைக் கொடுத்து, 'என்ன செய்யறே, எனக்கும் போட்டுக் காட்டு' என்று கேட்கும் தாய் தந்தையர் நமக்கு வேண்டும்.

டெட்ராய்ட் பிள்ளைகளுக்குத் தொழிற்சாலையின் ஓசை இசையானது. நமக்குத் தறியின் ஓசை இருக்கிறது, கம்பெனி பஸ்சின் ஓசை இருக்கிறது, வைக்கோல் தீயில் காய்ந்த தோலின் ஓசை இருக்கிறது, பாட்டியின் குரல் இருக்கிறது. இன்று இரவு பாட்டி தூங்கப் போகும் முன் செல்பேசியை எடுத்து, அவர் நாற்று நடும்போது பாடிய ஒரு பாட்டைப் பதிவுசெய்யுங்கள். கோப்புக்குப் பெயர் கேட்கும். 'ரெக்கார்டிங் 1' என்று விட்டுவிடாதீர்கள். பாட்டியின் பெயரை எழுதுங்கள். ஊரின் பெயரையும் எழுதுங்கள்.